வெந்த தோல் விழும்வரை

ஆழமாக வெந்தவர்கள் அழமாட்டார்கள். தீக்காய வார்டுக்கு மாற்றலாகி வந்த புதிதில் எனக்கு இது தெரியாது. கையில் கொப்புளம் கண்டவர்தான் கத்தி ஊரைக் கூட்டுவார். முக்கால் உடம்பு வெந்து வந்தவளோ, அடுப்பில் வைத்த பாலை யாராவது இறக்கினார்களா என்று கேட்டுக்கொண்டிருப்பாள். தோல் முழு ஆழத்துக்கும் வெந்துவிட்டால் அதிலுள்ள நரம்பு முனைகளும் சேர்ந்தே போய்விடுகின்றன. வலி தெரியாது, தாகம் மட்டும் தெரியும். "நல்லாத்தானே பேசுறா சிஸ்டர், பொழச்சுக்குவால்ல?" என்று தாய்க்காரி நம் கையைப் பிடித்துக்கொள்வாள். முதல் நாள் பேச்சை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்பது எங்களுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

நான் சொல்வது 1980களின் தொடக்கம். காவிரிப் படுகையில் ஓர் அரசு மருத்துவமனை. சலவைக்கூடத்தைத் தாண்டி, கட்டடத்தின் கடைசியில் இருந்தது எங்கள் வார்டு. அதற்கப்பால் பிணவறை. பலகையில் தீக்காயப் பிரிவு என்று எழுதியிருந்தாலும் வாசலில் நிற்கும் ரிக்‌ஷாக்காரர்களுக்கு அது 'கரிஞ்ச கேசு வார்டு'. உள்ளே நுழைந்தால் மண்ணெண்ணெயும் பொசுங்கிய முடியும் டெட்டாலும் கலந்த வாடை. வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்தாலும் அது சோற்றில் வரும். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் எதுவும் சொல்லாமல் ஜன்னலைத் திறந்துவைப்பார்.

ஒரு மார்கழி இரவு. திருவையாறு பக்கத்திலிருந்து ஒரு பெண்ணை அம்பாசடர் காரின் பின்சீட்டில் வாழையிலை பரப்பிக் கிடத்திக் கொண்டுவந்தார்கள். இருபத்திரண்டு வயதிருக்கும். கொண்டையில் பாதிப் பூ கருகியும் பாதிப் பூ வெள்ளையாகவும் இருந்தது. நைலான் சேலை உருகி இடுப்போடு ஒட்டியிருந்தது. கத்தரிக்கோல் எங்கே, ஸ்டாண்டு எங்கே, கையில் ரத்தக்குழாய் கிடைக்கவில்லை, கணுக்காலைக் கீறித் தேடு, ஊசி ஏற்று, மூத்திரக் குழாய் போடு, எத்தனை மணிக்குத் தீப்பிடித்தது என்று கேள், யாருக்கும் தெரியவில்லை, ரேடியோவில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது என்றார் ஒரு கிழவர், அதை வைத்துக் கணக்குப் போடு.

கணக்கு என்றால் சலைன் கணக்கு. அமெரிக்காவில் டல்லஸ் நகரத்துப் பார்க்லேண்ட் மருத்துவமனையில் சார்லஸ் பாக்ஸ்டர் என்ற மருத்துவர் 1968இல் வகுத்தது. டூட்டி ரூம் சுவரில் யாரோ அதைப் பென்சிலால் எழுதிவைத்திருந்தார்கள். நாலு மில்லியை எடையால் பெருக்கு, வெந்த சதவீதத்தால் பெருக்கு. வருவதில் பாதி முதல் 8 மணி நேரத்தில் உள்ளே போக வேண்டும். அதுவும் வந்து சேர்ந்த நேரத்திலிருந்து இல்லை, தீப்பட்ட நேரத்திலிருந்து. 45 கிலோ பெண்ணுக்கு 60 சதவீதம் என்றால் 10,800 மில்லி. அரை லிட்டர் பாட்டிலில் இருபத்திரண்டு. ஸ்டோரில் அவ்வளவு இருக்காது. புருஷனின் தம்பி சைக்கிளை எடுத்துக்கொண்டு மெடிக்கல் ஷாப்பை எழுப்பப் போனான். அவளுடைய 8 மணி நேரத்தில் நாலு மணி நேரம் ரோட்டிலேயே கழிந்திருந்தது.

விடியற்காலையில் ஜீப்பில் மாஜிஸ்ட்ரேட் வந்தார். மரண வாக்குமூலம். நினைவோடு இருக்கிறாள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததும் மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டார். ஸ்டவ் வெடிச்சிருச்சு, யார் மேலயும் தப்பில்ல என்றாள். கைவிரல்கள் வெந்துபோயிருந்ததால் கால் பெருவிரலில் மை தடவி ரேகை எடுத்தார்கள். பம்ப் ஸ்டவ் வெடித்தால் தொடை, வயிறு, மார்பு, முகம் என்று முன்பக்கம்தான் வேகும். மண்ணெண்ணெயைத் தலையில் ஊற்றினால் அது உச்சியிலிருந்து பிடரி வழியாக முதுகில் இறங்கும். அவளுக்கு முதுகுதான் அதிகம். அதை நான் சொல்லி யார் எழுதுவது? டிரிப் மாற்றப் போனபோது அவளாகவே சொன்னாள், "எம்புள்ளைய இனி அவங்கதானக்கா வளக்கணும்."

வரதட்சணைக் கொடுமைக்கு எதிராக 1983இல் 498ஏ சட்டப்பிரிவு வந்தது. 1986இல் 304பி. கல்யாணமாகி 7 வருஷத்துக்குள் ஒரு பெண் இறந்தால் ஆர்.டி.ஓ. விசாரணை என்றும் ஆனது. டெல்லியில் மாதர் அமைப்புகள் ஊர்வலம் போன படத்தைப் பேப்பரில் பார்த்தோம். எங்கள் வார்டில் கட்டில் காலியாகவில்லை. அந்த வருஷங்களில் ஸ்டவ்கள் ஏன் மருமகள்கள் கையில் மட்டும் வெடித்தன என்று எந்த ஸ்டவ் கம்பெனியும் யோசித்ததாகத் தெரியவில்லை.

அந்தத் திருவையாற்றுப் பெண் ஆறாம் நாள் போனாள். மூன்றாம் நாள் கஞ்சி குடித்தாள், சிரித்தாள்கூட. ஐந்தாம் நாள் குளிர் காய்ச்சல். சீழ் ரத்தத்தில் ஏறிவிட்டால் அப்படித்தான் வரும்.

அப்போதைய வைத்தியத்தில் பெரும்பகுதி காத்திருப்பதுதான். உடம்பின் மேல் துணி படாமலிருக்கக் கம்பிக் கூண்டு, அதன்மேல் கொசுவலை. புண்ணுக்கு ஜென்ஷன் வயலெட் அல்லது வாஸ்லின் தடவிய காஸ், பிறகு வெள்ளி கலந்த சில்வர் சல்ஃபாடையசின் களிம்பு. வெந்த தோல் விறைத்துக் கறுத்து அப்படியே கிடக்கும். அது தானாகக் கழன்று விழ இரண்டு மூன்று வாரமாகும். விழுந்த பிறகு அடியில் சிவப்பாகச் சதை வளர்ந்தால் தொடையில் தோலெடுத்து ஒட்டலாம். ஆனால் தானாக விழுவது என்று நாங்கள் சொன்னது, அடியில் கிருமி வளர்ந்து அரித்துத் தள்ளுவதைத்தான். தோல் விழட்டும் என்று நாங்கள் காத்திருந்த அதே நாட்களில் கிருமி உள்ளே போய்க்கொண்டிருந்தது. கட்டைப் பிரித்தால் பஞ்சில் பச்சை தெரியும். சூடோமோனாஸ். அதற்கு ஓர் இனிப்பு வாடை உண்டு. பழுத்த திராட்சையின் வாடை என்று பாடப்புத்தகத்தில் போட்டிருக்கும். நான் திராட்சை வாங்குவதை விட்டு எத்தனையோ காலம் ஆகிறது.

டிரெஸ்ஸிங் காலை 9 மணிக்கு. ஒட்டிய காஸை சலைன் ஊற்றி ஊறவைத்துப் பிரிக்க வேண்டும். முழு ஆழம் வெந்த இடம் பேசாது. அதன் ஓரம், பாதி ஆழம் வெந்த இடம், அதுதான் உயிரை எடுக்கும். எங்கள் வார்டு ஆயாம்மா வெற்றிலை போடுகிறவர். பட்டுக்கோட்டைப் பக்கம் ஊர். டிரெஸ்ஸிங் டிராலி உருளும் சத்தம் கேட்டதும் அந்தப் பெண்கள் கண்ணை இறுக்கிக்கொள்வார்கள். ஆயாம்மா தலைமாட்டில் உட்கார்ந்து, வேகாத இடம் எங்கே இருக்கிறதோ, காது மடலோ பாதமோ, அங்கே கையை வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவார். யார் வீட்டுப் பசு கன்று போட்டது, யார் யாரோடு ஓடிப்போனார்கள். கதையைப் பாதியில் நிறுத்தி, மிச்சம் நாளைக்கு டிரெஸ்ஸிங் அப்போ என்பார். மிச்சத்தைக் கேட்பதற்காகவே ஒருத்தி இருந்தாள் என்று நான் சொன்னால் டாக்டர்கள் சிரிப்பார்கள்.

வாழையிலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெந்தவரை வாழையிலையில் கிடத்துவது எங்கள் பக்கத்தில் பாட்டி காலத்துப் பழக்கம். படித்தவர்கள் முதலில் அதை ஒதுக்கினார்கள். பிறகு இலையைக் கழுவி, நரம்பு நீக்கி, ஆட்டோகிளேவில் வேகவைத்து மருத்துவர்களே போடத் தொடங்கினார்கள். புண்ணில் ஒட்டாது, பிரிக்கும்போது வலிக்காது, விலை மலிவு. மும்பையில் வாடியா குழந்தைகள் மருத்துவமனையின் டாக்டர் கேஸ்வானி வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலைக் காஸ் துணியில் ஒட்டிப் போட்டுப் பார்த்து 1985இல் எழுதினார். நாங்கள் பிரசவ வார்டிலிருந்து பனிக்குடச் சவ்வை வாங்கிவந்து, சலைனில் அலசிப் போட்டதும் உண்டு. ஒரு வார்டில் பிள்ளை பிறக்க, அதன் உறை இன்னொரு வார்டில் ஒருத்தியின் முதுகை மூடும். 1986இல் சென்னையில் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது. அந்தப் பயம் பரவிய பிறகு சவ்வு கேட்டுப் போவதும் நின்றது.

முட்டைக்காகத்தான் நான் அதிகம் சண்டை போட்டிருப்பேன். பெரிய தீக்காயம் உடம்பையே தின்னும். புண் வழியாகப் புரதம் வடிந்துகொண்டே இருக்கும், உடம்பின் சூடு வெளியேறும், சதை கரையும். ஒரு நாளைக்கு நாலைந்து முட்டையாவது உள்ளே போக வேண்டும். சொந்தக்காரர்களோ முட்டை புண்ணுக்கு ஆகாது, பருப்பு சீழ் வைக்கும் என்று அரிசிக் கஞ்சியோடு நிறுத்திவிடுவார்கள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நிற்கும். ஒட்டிய தோல் பிடிக்காமல் வழுக்கி வரும். எழுதிவைத்த மருந்தைவிட எழுதாத பத்தியம் பல பேரைக் கொண்டுபோயிருக்கிறது என்பது என் எண்ணம்.

1997 ஜூன் 7ஆம் தேதி தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கில் யாகசாலைப் பந்தல் பற்றிக்கொண்டு நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதை நினைத்தால் பட்டுச்சேலைகள்தான் நினைவுக்கு வருகின்றன. விசேஷத்துக்கு உடுத்தி வந்த புதுச்சேலைகள்.

2004 ஜூலை 16. வெள்ளிக்கிழமை. கும்பகோணத்தில் ஒரு பள்ளி, சமையல் கூடத்தில் பற்றிய தீ கீற்றுக்குத் தாவியது, மாடியில் கீற்றுக் கூரையின் கீழ் பிள்ளைகள், குறுகலான ஒரே படி. போன் வந்தபோது வகுப்பறையா அடுப்படியா என்றே தெரியவில்லை. ஸ்டோரை உடைக்காத குறையாகத் திறந்து காஸ், சலைன், களிம்பு டப்பா எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் அள்ளிப் போட்டு வண்டியில் ஏறினோம், பாபநாசம் தாண்டும்போதே எதிரே வண்டிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தன.

பெரியவர்களுக்கு ஒன்பதின் விதி உண்டு: தலை 9 சதவீதம், கை ஒவ்வொன்றும் 9, கால் ஒவ்வொன்றும் 18. பிள்ளைகளுக்கு அது சரிவராது. உடம்பில் தலையின் பங்கு அதிகம். அதனால் பிள்ளையின் உள்ளங்கையையே அளவாக எடுப்போம். அதன் விரல்களோடு சேர்ந்த உள்ளங்கை ஏறக்குறைய ஒரு சதவீதம். ஒரு சிறுவனின் வேகாத கையை விரித்துப் பிடித்து அளந்தேன். உள்ளங்கையில் நீலப் பேனாவால் ஏதோ கணக்கு எழுதியிருந்தான், கூட்டல். மூக்கு ஓரத்தில் கரி படிந்திருந்தது, குரல் கரகரத்திருந்தது. மேல்தோலில் அதிகமில்லை. ஆனால் கரியும் கரகரப்பும் சேர்ந்தால் புகை உள்ளே சுட்டிருக்கிறது என்று அர்த்தம், மூச்சுக்குழாய் வீங்கி அடைப்பதற்குள் குழாய் போட்டாக வேண்டும். "டாக்டர், இவன முதல்ல பாருங்க" என்று கத்தினேன். பார்த்தார்கள்.

வெளியே தாய்மார்கள் அரைஞாண் கயிற்றையும் கொலுசையும் சொல்லித் தேடிக்கொண்டிருந்தார்கள். மொத்தம் 94 பிள்ளைகள். பிறகு நீதிபதி சம்பத் கமிஷன் அமைத்தார்கள், பள்ளிக்கூடங்களில் கீற்றைப் பிரிக்கச் சொன்னார்கள். எங்கள் தெருப் பள்ளியில் கீற்றைப் பிரித்த அன்று பிள்ளைகள் மேலே வானம் தெரிகிறது என்று குதித்தார்கள்.

எங்கள் வைத்தியம் மாறியதை நான் நேரில் பார்த்தது அதற்குச் சில வருஷங்கள் கழித்து. சென்னையில் பயிற்சி முடித்து ஓர் இளம் பிளாஸ்டிக் சர்ஜன் வந்தார். வாணவெடிக் கொட்டகையில் வேலைபார்த்த ஒரு பையன், 30 சதவீதம். நாலாம் நாளே தியேட்டருக்கு அனுப்புங்கள் என்றார். தோல் இன்னும் கழலவே இல்லையே சார் என்றேன். அது கழலுறதுக்கா நாம இருக்கோம் என்றார்.

அன்று நானும் உள்ளே போனேன். நீளமான கத்தி. வெந்த தோலை மேலாக ஒரு சீவல் எடுத்தார். அடியில் வெளுப்பு. இன்னொரு சீவல். அப்போதும் வெளுப்பு. மூன்றாவது சீவலில் பொட்டுப் பொட்டாக ரத்தம் துளிர்த்தது. "இங்க உயிர் இருக்கு, நிறுத்திக்கலாம்" என்றார். உடனே தொடையிலிருந்து மெல்லிய தோலெடுத்து, மெஷினில் கொடுத்து வலைக்கண் விழவைத்து, இழுத்து அகலப்படுத்தி அந்த ரத்தத்தின்மேல் விரித்தார். வலைக்கண்களின் இடைவெளியைத் தோலே வளர்ந்து மூடிக்கொள்ளும். பச்சை வருவதற்கு முன்பே புண் மூடப்பட்டுவிட்டது. மூன்றாம் வாரம் அந்தப் பையன் தன் கையாலேயே சோறு பிசைந்து சாப்பிட்டான். ஆயாம்மா அப்போது ஓய்வுபெற்றிருந்தார். ஆளனுப்பி வரவழைத்துக் காட்டினேன்.

பிறகுதான் தெரிந்தது, இது புதிதே இல்லை. அன்றைய யுகோஸ்லாவியாவின் மாரிபோர் நகரத்தில் ஜோரா யான்செகோவிச் என்ற பெண் மருத்துவர் செய்து, 1970இலேயே எழுதிவிட்டார். 1970இல் நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். நான் வார்டுக்கு வருவதற்கு முன்பே, திருவையாற்றுப் பெண் அம்பாசடரில் வந்து இறங்குவதற்கு முன்பே, காத்திருக்க வேண்டாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எங்கள் டாக்டர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரியும். ஆனால் சீவினால் ரத்தம் ஆறாக ஓடும். பாட்டில் பாட்டிலாக ரத்தம் வேண்டும், மயக்க மருந்து டாக்டர் வேண்டும், தியேட்டரில் மேசை காலியாக வேண்டும். தீக்காயக் கேசு எப்போதும் லிஸ்ட்டில் கடைசி. சீழ் உள்ள கேசு, தியேட்டர் கெட்டுவிடும் என்பார்கள். சீழ் பிடிப்பதற்கு முன் கூப்பிட்டால்தானே சீழ் இல்லாமல் போக முடியும். ஏழைப் பெண்களின் வார்டுக்கு ரத்தமும் மேசையும் வந்துசேர முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது. இதை நான் கோபமில்லாமல் சொல்ல முடியாது.

பிழைத்தவர்களின் கதை வேறு. முன்பெல்லாம் புண் ஆறினால் டிஸ்சார்ஜ், அத்தோடு சரி. ஆறு மாதம் கழித்து மோவாய் நெஞ்சோடு ஒட்டி, கீழுதடு புரண்டு, எச்சில் வழிய ஒருத்தி வாசலில் நிற்பாள். ஆறும் தழும்பு சுருங்கும், தன்னோடு கழுத்தையும் அக்குளையும் விரலையும் இழுத்துக்கொண்டு போகும். வலிக்குப் பயந்து குறுகிப் படுத்தால் குறுகிய நிலையிலேயே ஆறிவிடும். பரிதாபப்பட்டுத் தலையணை வைப்பார்கள். கழுத்து வெந்தவருக்குத் தலையணையே கூடாது. இன்றைக்கு முதல் நாளே பிசியோதெரபிஸ்ட் வந்துவிடுகிறார், தலையணையைப் பிடுங்கிவிட்டுக் கழுத்தைப் பின்னால் சாய்க்கச் சொல்கிறார், கைக்குச் சிம்பு வைத்துக் கட்டுகிறார், ஆறிய பிறகு இறுக்கமான உடுப்பை மாதக்கணக்கில் போடச் சொல்கிறார். வெயில் காலத்தில் அதை யார் போடுவது என்று பாதிப் பேர் கழற்றி வைத்துவிடுகிறார்கள். அவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

மருத்துவத்தைவிடப் பெரிய வேலை செய்தது அடுப்பு என்பேன். 2007இல் இலவச கேஸ் அடுப்பு கொடுத்தார்கள். ஓட்டுக்காகக் கொடுத்தார்கள் என்று பேசியவர்கள் எங்கள் வார்டைப் பார்த்ததில்லை. பம்ப் ஸ்டவ் தெருவை விட்டுப் போகப்போக, வரும் பெண்கள் குறைந்தார்கள். அடுத்த வருஷம் 108 ஆம்புலன்ஸ் வந்தது, ரோட்டில் போகும் நாலு மணி நேரம் சுருங்கியது. ஆனாலும் மண்ணெண்ணெய் முழுதாகப் போய்விடவில்லை. 2017 அக்டோபரில் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் நெல்லை கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒரு குடும்பமே, இரண்டு பெண்குழந்தைகளோடு, தீ வைத்துக்கொண்டது. இப்போது திங்கட்கிழமை மனு கொடுக்க வருகிறவர்களின் பையைப் போலீஸ் துழாவிப் பார்க்கிறது. மனுவை யார் பார்க்கிறார்கள் என்று கேட்காதீர்கள்.

போன வருஷம் பக்கத்து வீட்டுப் பேரன் கொதிக்கும் ரசத்தை இழுத்துக் கொட்டிக்கொண்டான். நான் ஓடுவதற்குள் அவன் அம்மா இட்லி மாவை அப்பியிருந்தாள். தண்ணி ஊத்தினா கொப்புளம் வந்துரும்னு சொன்னாங்க மாமி என்று அழுதாள். மாவை வழித்தெறிந்து குழாயடியில் இருபது நிமிஷம் பிடித்து வைத்தேன். மாவும் வேண்டாம், பேனா மையும் வேண்டாம், டூத்பேஸ்ட்டும் வேண்டாம், ஐஸும் வேண்டாம். குழாய்த் தண்ணீர் போதும். அவனோடு போய் அந்த வார்டைப் பார்த்தேன். கண்ணாடிக் கதவு, ஏசி, உள்ளே போகக் கவுன். அவன் மார்பில் கொலாஜன் தாளை ஒட்டினார்கள். மாட்டுத் தோலிலிருந்து எடுப்பது; அடையாற்றில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இதில் நிறைய வேலை செய்திருக்கிறது. ஒட்டியதைத் தினமும் பிரிக்க வேண்டியதில்லை. தானாக ஆறி உரிந்து வரும். டிராலி உருண்டு வந்தபோது அவன் செல்போனில் பொம்மைப் படம் பார்த்துக்கொண்டிருந்தான். நான்தான் கண்ணை இறுக்கிக்கொண்டேன்.

அங்கேதான் தோல் வங்கியைப் பற்றிய நோட்டீஸ் வாங்கினேன். உடம்பில் பாதிக்கு மேல் வெந்தவருக்குத் தன் தோலை எடுக்க இடமிருக்காது. இறந்தவர் தோல் இரண்டு மூன்று வாரம் மூடிக் காப்பாற்றும். அதற்குள் மிச்சமிருக்கும் சொந்தத் தோல் தேறும். இறந்து 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். ரத்தப் பிரிவு பார்க்க வேண்டியதில்லை. கிளிசராலில் போட்டுக் குளிரில் வைத்தால் 5 வருஷம் வரை இருக்கும்.

மகனிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "கண்ணு சரிம்மா. தோலை உரிக்கிறதுன்னா..." என்றான்.

"உரிக்கிறதில்லடா. தொடையிலயும் முதுகுலயும் மேலாக ஒரு படலம். முகத்துல கை வைக்கமாட்டாங்க. கட்டுப் போட்டுத்தான் குடுப்பாங்க, சேலை கட்டினா வெளில ஒண்ணும் தெரியாது."

"அத்தையெல்லாம் என்ன சொல்லுவாங்க? யோசிச்சுச் சொல்றேன்."

"யோசிக்கிறத இப்பவே யோசிச்சுக்க. அன்னைக்கு உனக்கு ஆறு மணி நேரந்தான் இருக்கும்" என்றேன்.